ஜிக் இறங்கும் நேரம்: கரையில் நின்று கணவாய் பிடிப்பது

ஜிக் என்பது கணவாயைப் பிடிக்கும், முள் வைத்த பொய் இரை. அதைப் புதிதாக வாங்கியவர்கள் முதலில் கேட்பது, எப்படி ஆட்டுவது என்றுதான். ராடை எவ்வளவு உயரம் தூக்குவது, எத்தனை தடவை சுண்டுவது, ரீலை எப்போது சுற்றுவது? கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஆட்டத்தின் வேலை கணவாயைக் கூப்பிடுவதோடு முடிந்துவிடுகிறது. அது கிட்டே வந்து கை வைப்பது பெரும்பாலும் ஜிக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான். ஜிக்கின் எடை, நரம்பின் (தூண்டில் நூலின்) தடிமன், நிற்கும் இடம், காற்றின் திசை என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு கேள்விகளை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஜிக் ஒழுங்காக இறங்குகிறதா? இறங்கும்போது நடப்பது கரையில் நிற்கும் நமக்குத் தெரிகிறதா?

கணவாய் இரை பிடிக்கும் விதம் தெரிந்தால் இது எளிதில் விளங்கும். அதற்கு எட்டுக் குட்டைக் கைகள், இரண்டு நீளக் கைகள். இரையை நோக்கி மெல்ல நகர்ந்து வந்து, சற்றுத் தள்ளி நின்று பார்க்கும். பார்க்கும்போதே உடல் நிறம் மாறும். பிறகு நீளக் கைகள் இரண்டையும் கண்ணிமைக்கும் நேரத்தில் எறிந்து ஒட்டிக்கொண்டு, இரையைக் குட்டைக் கைகளுக்குள் இழுத்து அணைத்து, கிளிமூக்கு போன்ற அலகால் கடிக்கும். மீனைப் போல முழுதாக விழுங்காது. அதன் உணவுக்குழல் மூளையின் நடுவே போவதால் பெரிய துண்டு உள்ளே இறங்காது. ஆகவே வாயில் மாட்டும் தூண்டில் முள்ளுக்கு இங்கே வேலையில்லை. அணைக்கிற கைகளில் குத்தும் முள்தான் வேண்டும். எறிகிற கைகள் குறி தவறாமல் விழ இரை கொஞ்ச நேரமாவது ஒரே சீராக நகர வேண்டும். துள்ளிக்கொண்டே இருக்கும் ஜிக்கைக் கணவாய் துரத்தும், பிடிக்காது.

ஜிக்கின் உடம்பு

கரைக்கு ஏற்றது ஜப்பானில் பிறந்த, இறால் வடிவ ஜிக். அங்கே அதற்கு எகி என்று பெயர். மூக்கில் நரம்பு மாட்டும் கண்ணி, கழுத்துக்குக் கீழே துடுப்பு வடிவத்தில் ஈயம், உடலைச் சுற்றித் துணி, துணிக்கடியில் மினுங்கும் தாள், இரு பக்கமும் சின்ன இறகு, வாலில் இரண்டடுக்கு முள் வட்டம். முள்ளின் நுனியில் மீன் தூண்டிலில் இருப்பதுபோல் பின்னோக்கிய கொக்கி கிடையாது. குத்தியது கழன்று வராமல் இருக்க நரம்பு விறைப்பாக இருப்பது ஒன்றுதான் வழி. இதை நினைவில் வையுங்கள். பின்னால் கணவாயைக் கரைக்கு இழுக்கும் இடத்தில் இதுதான் எல்லாம்.

ஈயம் முன்பக்கம் இருப்பதால் ஜிக் மூக்கைக் கீழே சாய்த்து, வாலைத் தூக்கியபடி சறுக்கி இறங்கும். பக்கவாட்டில் கவிழ்ந்தோ, பம்பரமாய்ச் சுழன்றோ இறங்கும் ஜிக் எவ்வளவு அழகாக இருந்தாலும் பெட்டியில்தான் இருக்க வேண்டும். கரை ஓரத்தில் தெளிந்த நீரில் விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஈயத் துடுப்பு வளைந்திருந்தால் இப்படி ஆகும், குறட்டால் மெல்ல நிமிர்த்திவிடலாம். இறகு ஒரு பக்கம் பிய்ந்து போயிருந்தால் மறுபக்க இறகையும் அதே அளவு வெட்டிவிட வேண்டும்.

அளவு எண்ணில் 1 என்பது ஏறத்தாழ 3 செ.மீ. அந்தக் கணக்கில் 2.5 எண் ஜிக் சுமார் 7.5 செ.மீ. நீளமும் 10 கிராம் எடையும் இருக்கும். 3 எண் 9 செ.மீ., 15 கிராம். 3.5 எண் 10.5 செ.மீ., 20 கிராமுக்குச் சற்று மேலே. நிறுவனத்துக்கு நிறுவனம் ஓரிரு கிராம் மாறும். கைப்பிடி அளவுக் குஞ்சுக் கணவாய்கள் மேய்கிற பருவத்தில் 2.5 போதும். முட்டையிட வரும் பெரியவற்றுக்கு 3.5. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 3 வாங்குங்கள்.

எடையைவிட முக்கியமானது இறங்கும் வேகம். பெட்டியில் மீட்டருக்கு இத்தனை நொடி என்று எழுதியிருப்பார்கள். சாதாரண 3.5 எண் மீட்டருக்கு 3 அல்லது 3.5 நொடி எடுக்கும். ஆழம் குறைந்த இடத்துக்கான வகை 5 முதல் 7 நொடி, ஆழத்துக்கான வகை 2 நொடியை ஒட்டி. பாசியும் பாறையுமாய் 3 மீட்டர் ஆழமே உள்ள இடத்தில் வேகமாக இறங்கும் ஜிக்கை எறிந்தால், சுண்டி முடித்த கையோடு அது பாசிக்குள் போய் உட்கார்ந்துவிடும்; கணவாய்க்குப் பார்க்க நேரமே கிடைக்காது. அங்கே மெதுவாக இறங்குவது வேண்டும். 5 முதல் 10 மீட்டர் வரை சாதாரண வகை. நீரோட்டம் பலமாக இருந்தாலோ ஆழம் அதற்கு மேல் போனாலோ ஆழ வகை, அல்லது ஈயத்தில் சுற்றும் கம்பி ஈயம் 1, 2 கிராம் கூடுதலாக. எதிர்த் திசையிலும் இதைச் செய்யலாம்: ஈயத் துடுப்பில் சின்ன ஓட்டை போட்டு எடையைக் குறைத்தால் இறக்கம் மெதுவாகும். ஒரு தடவைக்கு ஓர் ஓட்டைதான் போட வேண்டும், போட்டுவிட்டு நீரில் விட்டுப் பார்க்க வேண்டும். மொத்தமாய்த் துளைத்தால் ஜிக் மல்லாந்துவிடும்.

நிறத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். பெரும்பாலான கணவாய் இனங்களின் கண்ணில் ஒரே ஒரு நிறமிதான் இருக்கிறது. நாம் பார்ப்பது போல ஆரஞ்சையும் பச்சையையும் அவை பிரித்தறிவதில்லை. வெளிச்ச வேறுபாடும், ஒளி எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதும் அவற்றுக்குக் கூர்மையாகத் தெரியும். ஆகவே ஜிக்கை நிறத்துக்காக அல்ல, வெளிச்சத்துக்காக மாற்றுங்கள். நல்ல வெயிலும் தெளிந்த நீரும் இருந்தால் பழுப்பு, ஒலிவப் பச்சை போன்ற அடங்கிய துணி, வெள்ளித் தாள். அந்தி, அல்லது லேசாகக் கலங்கிய நீர் என்றால் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, அடியில் தங்கத் தாள். இருட்டில், மேலிருந்து வரும் கொஞ்ச வெளிச்சத்துக்கு எதிரே நிழலாகத் தெரியும் அடர் சிவப்பு, ஊதா. இருளில் ஒளிரும் ஜிக் நீர் கலங்கியபோது உதவும். அதற்கு டார்ச் அடிப்பது ஐந்தாறு நொடி போதும். அமாவாசை இருட்டில் விளக்குப் போல எரிகிற ஜிக்கைக் கண்டு கணவாய் கிட்டே வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போவதும் உண்டு. மூன்று துணி, இரண்டு தாள் என்று ஆறு ஜிக் கையில் இருந்தால் போதும். அறுபது ஜிக் வைத்திருப்பவருக்கு முடிச்சுப் போடத்தான் நேரம் போகும்.

ராடு, ரீல், நரம்பு

ராடு எட்டரை அடி, அதாவது 2.6 மீட்டரை ஒட்டி. நுனி மெல்லியதாக, நடு விறைப்பாக. நுனி மெல்லியது கடி தெரிவதற்கு, நடு விறைப்பு ஜிக்கைத் தூக்குவதற்கு. ரீல் 2500 அல்லது 3000 அளவு. 150 மீட்டர் நரம்பு போதும்.

நரம்பில்தான் கஞ்சத்தனம் காட்டக் கூடாது, தடிமனிலும் தாராளம் காட்டக் கூடாது. பல இழை பின்னிய பிரெய்டு நரம்பு, 0.6 முதல் 0.8 எண் வரை (எண் கூடினால் தடிமன் கூடும்). ஒற்றை இழையான தங்கூசி நரம்பு நீளும். 40 மீட்டர் தள்ளி இருக்கும் ஜிக்குக்கு நம் சுண்டல் போய்ச் சேராது, அது தரும் செய்தியும் நமக்கு வராது. பிரெய்டு நீளாது. ஆனால் தடித்த பிரெய்டைக் காற்றும் நீரோட்டமும் பாய்மரம் போலப் பிடித்து வளைக்கும். அந்த வளைவு ஜிக்கை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், அது இறங்கவே இறங்காது. "அறுந்துவிடுமோ" என்று 2 எண் நரம்பு சுற்றி வருபவர்களுக்கு ஜிக் தரையைத் தொட்டதே தெரியாமல் போவது இதனால்தான்.

பிரெய்டின் முனையில் ஃப்ளோரோகார்பன் லீடர், அதாவது உரசல் தாங்கும் முனை நரம்பு, 8 முதல் 10 பவுண்டு, ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர். பாறையில் உரசினால் பிரெய்டு உடனே அறும், லீடர் தாங்கும். முடிச்சுக்கு எஃப்.ஜி. முடிச்சு மெல்லியது, ராடின் வளையங்களில் இடிக்காது. இருட்டில், காற்றில், ஈரக் கையோடு அதைப் போடவராது என்றால் இரண்டு யூனி முடிச்சுகளை எதிரெதிரே இறுக்குங்கள். பிரெய்டு பக்கம் 8 சுற்று, லீடர் பக்கம் 4 அல்லது 5. எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்க வேண்டும், இல்லையென்றால் சூட்டில் நரம்பு பலமிழக்கும். ஜிக்கை மாட்ட சின்ன, வட்டமான ஸ்னாப் (திறந்து மூடும் கொக்கி) ஒன்று மட்டும். சுழல்வளையம் சேர்த்தால் மூக்கில் எடை கூடி, ஜிக் தலைகுப்புற இறங்கும்.

டிராக்கை, அதாவது நரம்பு பலமாக இழுபட்டால் ரீல் வழுக்கிக் கொடுக்கும் பிடியை, தளர்வாகவே வைத்துக்கொள்ளுங்கள். நரம்பின் முனையைத் தராசில் மாட்டி இழுத்தால் 500 முதல் 700 கிராமுக்குள் வழுக்கத் தொடங்க வேண்டும். தராசு இல்லையென்றால், ராடைப் பலமாகச் சுண்டும்போது 'ஜிர்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தால் சரி. கணவாயின் கை சதை மெல்லியது. இறுக்கமான டிராக்கில் முள் சதையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

இடமும் நேரமும்

ஒரு துறைமுகச் சுவரிலோ பாறையிலோ எங்கே நிற்பது என்று தெரியவில்லை என்றால் காலடியைப் பாருங்கள். கறுப்பு மை தெறித்த கறை இருந்தால் அங்கே கணவாய் ஏறியிருக்கிறது. மினுமினுப்பாக இருந்தால் நேற்றோ இன்றோ. வெளிறி, காய்ந்து வெடித்திருந்தால் போன பருவத்துச் செய்தி. மற்றபடி, பாசி முடிந்து மணல் தொடங்கும் எல்லை, பாறைத் திட்டின் விளிம்பு, அலைதடுப்புக் கற்களின் அடிவாரம், சுவரின் முனையில் வேகமான நீரும் மந்தமான நீரும் உரசும் கோடு, இவைதான் இடங்கள். கணவாய் பாசிக்குள் பதுங்கி, மணலில் திரியும் இறாலையும் சிறு மீனையும் பார்த்துக்கொண்டிருக்கும். கடற்புல்லிலோ பாசியிலோ விரல் விரலாக வெள்ளைக் கொத்து தொங்கினால் அது முட்டை. ஜிக்கில் சிக்கி வந்தால் மெல்லக் கழற்றி அங்கேயே விடுங்கள்.

பொழுது சாய்வதற்கு முன் ஒரு மணி நேரமும், இருட்டிய பின் ஒரு மணி நேரமும், அதே போல விடியலை ஒட்டியும் கணவாய் கரைக்கு நெருங்கி வரும். பகலிலும் பிடிக்கலாம், ஆனால் ஆழத்தில், தரையோடு. இரவில் விளக்குக் கம்பம் இருக்கும் இடத்தில் வெளிச்சத்தின் நடுவில் எறியாதீர்கள். கணவாய் இருப்பது இருட்டுப் பக்கத்தில், வெளிச்சம் முடியும் ஓரத்தில். ஜிக்கை இருட்டில் எறிந்து, ஓரத்தை ஒட்டி இறங்கும்படி கொண்டுவர வேண்டும். ஹெட்லைட்டை நீர்மேல் அடித்து ஆட்டிக்கொண்டு நிற்கும் ஒருவர் போதும், வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் அன்றைய பொழுதைக் கெடுக்க.

நீர் அசையாமல் நிற்கும் நேரம் மந்தம். ஏற்றமோ வற்றமோ, ஓட்டம் தொடங்கும் நேரமும் அடங்கப்போகும் நேரமும் நல்லவை. நடுவில் ஓட்டம் ஆறு போலப் பாய்ந்தால் ஜிக் நிற்காது. பெருமழைக்குப் பின் ஆற்று முகத்துவாரத்தின் அருகே போக வேண்டாம்: கணவாய் உப்புக் குறைந்த நீரில் இருக்காது, கலங்கிய நீரில் கண்ணால் வேட்டையாடவும் முடியாது. நீர் தெளிந்து, உப்பு திரும்பும் வரை வேறு பக்கம்தான்.

காற்று முதுகில் அடிக்கும்படி நிற்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. பக்கவாட்டுக் காற்றில் ராடு நுனியை நீர்மட்டத்துக்கு அருகே தாழ்த்தி, காற்றில் கிடக்கும் நரம்பின் நீளத்தைக் குறையுங்கள். நேர் எதிர்க் காற்றில் மெதுவாக இறங்கும் ஜிக்கை எறிவது வீண் உழைப்பு.

எறிந்து, எண்ணி, சுண்டி, காத்திருந்து

எறிவதற்கு முன் பின்னால் பாருங்கள். ராடு நுனியிலிருந்து தொங்குவது இருபதுக்கும் மேற்பட்ட ஊசிகள்.

ஜிக் நீரில் விழுந்ததும் எண்ணத் தொடங்குங்கள். நரம்பு தளர்ந்து போய்க்கொண்டே இருக்கும். தரை தட்டியதும் ஓட்டம் நின்று நரம்பு சுருண்டு கிடக்கும். 20 எண்ணும்போது தட்டினால், சாதாரண 3.5 ஜிக்குக்கு ஆழம் சுமார் 6 மீட்டர். முதல் எறிதல் ஆழம் பார்க்கத்தான். தரையில் பாசி அதிகம் என்றால் அடுத்த எறிதலில் 17 எண்ணும்போதே தொடங்குங்கள்.

இப்போது தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்துவிட்டு, ராடை மணிக்கட்டால் இரண்டு தடவை மேல்நோக்கிச் சுண்டுங்கள். தொடர்ந்து இழுப்பதில்லை, சுண்டி விடுவது. ஒவ்வொரு சுண்டலுக்கும் பின் நரம்பு ஒரு நொடி தளர்ந்தால்தான் ஜிக் பக்கவாட்டில் வெட்டிப் பாயும். விறைப்பாகவே வைத்திருந்தால் அது நேராக நம்மை நோக்கி நீந்தி வரும், அவ்வளவுதான். சுண்டல் முடிந்ததும் ராடைத் தாழ்த்தி, நிறுத்துங்கள். இரண்டு சுண்டலில் ஜிக் ஒன்றரை மீட்டர் ஏறியிருந்தால் திரும்ப இறங்க 5 நொடி ஆகும். 7, 8 நொடி கொடுங்கள். தரையில் ஓரிரு நொடி அது நிற்பதும் நல்லதே, சில கணவாய் அப்போதுதான் எடுக்கும். மறுபடி சுண்டல். கரையை நெருங்க நெருங்க ஆழம் குறையும் என்பதால் எண்ணிக்கையையும் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பழகாதவர் கையில் காத்திருப்பு பாதியாகச் சுருங்கிவிடும். எட்டு என்று நினைத்து நாலு எண்ணுவார்கள். ஆகவே சத்தமாக எண்ணினாலும் தப்பில்லை.

இறங்கும்போது நரம்பை முழுக்கத் தளர்த்தி விடலாம். ஜிக் கிட்டத்தட்ட நேராக இறங்கும், இயல்பாக இருக்கும், ஆனால் கடி கைக்குத் தெரியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். அல்லது லேசாக விறைப்பாக வைக்கலாம். ஜிக் நம் பக்கம் சறுக்கிக்கொண்டே இறங்கும், கடி கையில் தெரியும். பகலில், காற்றில்லாதபோது முதலாவது. இரவில் இரண்டாவது. லேசான காற்றில் இரண்டுக்கும் நடுவே, நரம்பு நீர்மேல் ஒரு சின்ன வளைவோடு கிடக்கும் அளவுக்கு.

கணவாய் பிடித்தது எப்படித் தெரியும்? மீனைப் போலத் 'தடார்' என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். இறங்கிக்கொண்டிருந்த நரம்பு, தரை தட்டும் எண்ணிக்கைக்கு முன்பே நின்றுவிடும். அல்லது வளைந்து கிடந்த நரம்பு திடீரென்று நேராகி, 'சர்ர்' என்று வெளியே போகும். இன்னொன்று, கவனிக்காமல் விடுவது: விறைப்பாக இருந்த நரம்பு சும்மா தளர்ந்து போகும். கணவாய் ஜிக்கை அணைத்துக்கொண்டு நம்மை நோக்கியோ மேலேயோ வருகிறது என்று பொருள். சந்தேகம் வந்தால் தளர்ந்ததைச் சுற்றி, ராடை மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். ஈரத் துணி மூட்டை போலக் கனத்தால் கணவாய். பாசியும் அப்படித்தான் கனக்கும், ஆனால் பாசி பதிலுக்கு இழுக்காது.

வெட்டி இழுக்க வேண்டாம். ராடைச் சாய்வாக நீளமாகத் தூக்கினாலே முள் ஏறிவிடும்.

கரைக்குக் கொண்டுவருவது

கணவாய் நீரைப் பீச்சிப் பின்னோக்கிப் பாயும். பாயும்போது பிடித்துக்கொண்டு நில்லுங்கள், டிராக் நரம்பு கொடுக்கட்டும். நின்றதும் சுற்றுங்கள். பெரிய மீனுக்குச் செய்வது போல ராடைத் தூக்கித் தாழ்த்திச் சுற்றுவது இங்கே ஆகாது. தாழ்த்தும் அந்த ஒரு கணத்தில் நரம்பு தளரும்; முள்ளில் கொக்கி இல்லை என்று முன்பே சொன்னது இதற்காகத்தான். ராடை 45 பாகைக்கு மேல் நிமிர்த்தி ஒரே நிலையில் வைத்து, மெதுவான, ஒரே சீரான சுற்று.

கிட்டே வந்ததும் எத்தனை கையில் முள் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு நீளக் கையில் மட்டும் என்றால் டிராக்கை இன்னும் கால் சுற்று தளர்த்தி, அவசரப்படாமல் வலைக்குக் கொண்டுவாருங்கள். வலையைத் தலைப்பக்கம் நீட்டினால் இரண்டு தொல்லை: வலையைக் கண்டு பின்னோக்கிப் பாய்ந்துவிடும், அல்லது ஜிக்கின் முள் வலையின் ஓரத்தில் மாட்டிக் கணவாய் வெளியே தொங்கும். வால் பக்கத்திலிருந்து வலையை நீருக்குள் ஆழ்த்தி வைத்து, கணவாயை அதன்மேல் கொண்டுவந்தால் அது பாய்வதும் வலைக்குள்ளேதான். கால் கிலோவுக்குக் கீழ் இருந்தால் நரம்பைப் பிடித்துத் தூக்கிவிடலாம். அதற்கு மேல் தூக்க நினைப்பவர் கையில் இரண்டு கைகளின் நுனி மட்டும் மிஞ்சும், ஜிக்கில்.

தூக்குமுன் நீர்மட்டத்தில் ஓரிரு நொடி நிறுத்துங்கள். மையையும் நீரையும் அங்கேயே பீச்சட்டும். தலைக்குக் கீழே இருக்கும் பீச்சுகுழல் யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துத் தூக்குங்கள். ஒன்று மாட்டினால் கூட்டம் பின்தொடர்ந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்தில் நிற்பவர் உடனே அதே இடத்தில் ஜிக்கை இறக்கட்டும்.

ஜிக்கைப் பிடித்து வருவது எல்லாம் கணவாயாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஓட்டுக் கணவாய் தரையோடு வரும், நல்லதுதான். சின்ன ஆக்டோபஸ் ஒன்று உடலில் நீல வளையங்கள் மின்னி வந்தால் கையால் தொடவே கூடாது. நீல வளைய ஆக்டோபஸின் கடியில் இருக்கும் விஷமும், பேத்தை மீனில் இருக்கும் விஷமும் ஒன்றே, டெட்ரோடோடாக்சின். நரம்பை அறுத்து ஜிக்கோடு விட்டுவிடுவது மலிவு.

தவறுகிற இடங்கள்

சுண்டிய பின் ஜிக் திடீரென்று இலேசாக, மிதந்து வருவது போலத் தோன்றினால் லீடர் முள் வட்டத்தில் சுற்றிக்கொண்டது. ஜிக் வால் முன்னே வருகிறது. எத்தனை நேரம் ஆட்டினாலும் பயனில்லை. எடுத்துப் பாருங்கள். ஸ்னாப் பெரிதாக இருந்தாலோ, எறிந்ததும் நரம்பை ஒருமுறை விரலால் தடுத்து ஜிக்கை நேராக்காவிட்டாலோ இது அடிக்கடி நடக்கும்.

சுண்டும்போது பிரெய்டு நுனி வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். கவனிக்காமல் அடுத்த எறிதலைப் பலமாக எறிந்தால் ஜிக் மட்டும் தனியாகப் பறந்து போகும், சில நேரம் ராடு நுனியும். ஒவ்வோர் எறிதலுக்கும் முன் நுனியை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், இரவில் கட்டாயம். ரீலில் தளர்வாகச் சுற்றிய நரம்பும் இப்படித்தான், அடுத்த எறிதலில் கொத்தாக வெளியே வந்து சிக்கும். சுண்டிய தளர்ச்சியை அப்படியே சுற்றாமல், இரண்டு விரலால் நரம்பை மெல்லப் பிடித்தபடி சுற்றினால் வராது.

பாறையில் மாட்டினால் ராடை வளைத்து இழுக்காதீர்கள், ராடுதான் உடையும். நரம்பை விறைப்பாக்கி, ரீலுக்கும் ராடின் முதல் வளையத்துக்கும் நடுவே உள்ள நரம்பை வில்லின் நாண் போல விரலால் இழுத்துச் சட்டென்று விடுங்கள். நாலைந்து தடவையில் பாதி ஜிக் கழன்று வரும். சில அடி இடம் மாறி எதிர்க் கோணத்தில் முயன்றால் இன்னும் கொஞ்சம். அறுக்கத்தான் வேண்டும் என்றால் நரம்பை ஒரு மரத்துண்டில் சுற்றி இழுங்கள். கையில் சுற்றினால் பிரெய்டு கத்திபோல் இறங்கும். மீண்டு வந்த ஜிக்கில் நிமிர்ந்துபோன முட்களைக் குறட்டால் பழையபடி வளைத்துவிடலாம்.

கணவாய் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டு எடுக்காமல் நிற்கிறதா? மேலும் சுண்டுவது அதை விரட்டும். ஜிக்கை அதன் கண் முன்னேயே மெல்ல இறங்க விடுங்கள். அப்படியும் எடுக்காவிட்டால் ஓர் எண் சிறிய ஜிக்கை, அடங்கிய நிறத்தில், அதே இடத்தில் இறக்குங்கள். துணியில் அரைவட்டமாய்க் கடித்த தடம் விழுந்தால் அது பேத்தை. இடம் மாறுவதே மருந்து, இல்லையென்றால் ஒவ்வொரு ஜிக்காகத் துணி இழக்கும்.

தக்கையும் ஈயமும்

தரை முழுக்கப் பாறையும் பாசியுமாய் இருந்தால், அல்லது எண்ணிக் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால், தக்கை நல்ல வழி. 10 முதல் 20 கிராம் வரை தாங்கும் தக்கை, ஜிக்கின் எடைக்கு ஏற்ப. அது நரம்பில் ஓடும்படி இருக்கட்டும்; நூல் முடிச்சு ஒன்றை நிறுத்தியாக வைத்து ஆழத்தை மாற்றிக்கொள்ளலாம். தரைக்கு ஒரு மீட்டர் மேலே ஜிக் தொங்க வேண்டும். 3 மீட்டர் ஆழத்தில் 2 மீட்டர் விடுங்கள். அலையே ஜிக்கைத் தூக்கித் தாழ்த்தும். ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை மெல்ல இழுத்துவிட்டால் போதும். தக்கை அமிழ்ந்து அப்படியே நின்றால் தளர்ச்சியைச் சுற்றிவிட்டுத் தூக்குங்கள். கண்ணாடி போல அலையே இல்லாத நாளில் தக்கைக்கு வேலையில்லை.

ஆழமும் ஓட்டமும் அதிகமென்றால் தலைகீழ் ஏற்பாடு: முனையில் 15 முதல் 30 கிராம் ஈயம், அதற்கு அரை மீட்டர் மேலே கிளை நரம்பில் மெதுவாக இறங்கும் சின்ன ஜிக். ஈயம் தரையில், ஜிக் ஓட்டத்தில் அசைந்தபடி. ஈயத்தைக் கட்டும் நரம்பு மட்டும் மெல்லியதாக இருக்கட்டும். மாட்டினால் ஈயம் போகும், ஜிக் மிஞ்சும்.

பிடித்த பின்

உடல் நீளம் 15 செ.மீ. கூட இல்லாத குஞ்சுகளை வாளியில் போடாமல் விடுங்கள். கணவாய் ஏறத்தாழ ஓராண்டுதான் வாழும், வளர்ச்சி வேகம். ஒன்றிரண்டு மாதத்தில் அதுவே வேறு அளவில் திரும்பி வரும். எவ்வளவு எடுக்கலாம், எந்த அளவு என்ற சட்டம் கடற்கரைக்குக் கடற்கரை வேறு; போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்வதை உடனே கொல்ல வேண்டும். கண்களுக்கு நடுவே, தலையும் உடலும் சேரும் இடத்தில் கூரான கம்பியை உடல் பக்கமாகச் சாய்த்துக் குத்தினால் உடல் ஒரே கணத்தில் வெளிறும். கம்பியை வெளியே எடுக்காமல் கைகள் பக்கம் சாய்த்தால் தலையும் கையும் வெளிறும். வெளிறாவிட்டால் குறி தவறிவிட்டது. பிறகு தண்ணீர் புகாத பையில் போட்டு, பையைப் பனிக்கட்டிமேல் வையுங்கள். பனி உருகிய நன்னீர் நேராகப் பட்டால் சதை வெளுத்து, நீர் கோத்துச் சுவையிழக்கும். கழுவுவதானால் கடல் நீரில்.

மை உறைந்தால் கல்லில் பல நாள் நிற்கும், வழுக்கும். வாளி நீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போவது அடுத்து வருபவருக்கான மரியாதை மட்டுமல்ல, மீன்பிடிக்கத் தடை விழாமல் இருக்கும் வழியும் அதுதான். ஜிக்கைக் கடல் நீரில் அலசி, வீட்டில் நன்னீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, முள் வட்டத்தில் ஒட்டிய சளியையும் கை நுனிகளையும் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். துணி முழுக்க உலர்ந்த பிறகே பெட்டியில் அடுக்க வேண்டும். ஈரமாய் மூடிய ஒரே ஒரு ஜிக் பக்கத்தில் கிடக்கும் எல்லாவற்றின் முள்ளிலும் துருவை ஏற்றிவிடும், துருவேறிய முள் கணவாயின் கையில் ஏறாமல் வழுக்கும்.